ஜட்ஜய்யா ஊருக்குத் திரும்பினார்

அக்காவுக்குத் தன் வீட்டில் படுத்தால்தான் தூக்கம் வரும். எல்லோருக்கும் உள்ளதுதானே என்று நினைக்காதீர்கள். எல்லோருக்கும் உள்ளது வேறு, அக்காவுக்கு இருந்தது வேறு. கல்லூரிப் பிள்ளைகளைக் கொடைக்கானலுக்கு அழைத்துப்போனால், பஸ் கிளம்பும் வரை வாசலில் நின்று பெயர் கூப்பிட்டு ஏற்றிவிட்டு, கையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். சென்னையில் பயிற்சி என்றால் ராத்திரி வண்டியில் போய், பகலெல்லாம் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அன்று ராத்திரி வண்டியிலேயே திரும்பிவிடுவார். ரயிலில் தூங்குவது கணக்கில் வராதாம். திருச்சியில் சொந்தச் சித்தப்பா மகள் கல்யாணம். பந்தியில் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் பஸ் ஸ்டாண்டில் நின்றவர் அவர்.

நீடாமங்கலத்தில், ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீடு. அக்காவும் அவருடைய அம்மாவும் மட்டும். அப்பா அக்கா படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி கனடாவில். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டுத் தொலைத்தேன். "கட்டிக்கிட்டா அவங்க வீட்டுல போய்ப் படுக்கணுமே" என்றார். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

திருவாரூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தினார். நான் அதே ஊர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். காலையில் ஒரே வண்டி, சாயங்காலமும் ஒரே வண்டி, அந்தப் பழக்கத்தில்தான் அவர் எனக்கு அக்கா ஆனார். எங்கள் வீடு வயலும் மாடும் மாமியாருமாக எந்நேரமும் இரைச்சலாக இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்த ரயிலில் மட்டும்தான். காரணம், அக்கா பேசுவார். பேசுவது பெரும்பாலும் ஒரே ஒரு ஆளைப் பற்றித்தான் இருக்கும். அந்த ஆள் ஜெர்மனியில் பிறந்து, அங்கேயே செத்து, நூறு வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் உங்கள் வாயில் நுழையாது. அக்கா பாடம் நடத்திய புத்தகத்தில் கூட்டுறவு என்று ஒரு பகுதி இருந்ததாம். அதில் இரண்டு ஜெர்மன்காரர்கள். ஒருவர் கிராமத்து விவசாயிகளைச் சேர்த்து சங்கம் வைத்தவர், அவருக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். இன்னொருவர் டவுனில் தச்சர்களையும் செருப்புத் தைப்பவர்களையும் சேர்த்து சங்கம் வைத்தவர், அவருக்கு அரைப் பக்கம். நம்முடையது நெல் விளையும் ஊர், அதனால் கிராமத்துக்காரர்தான் பரீட்சைக்கு வருவார். டவுன்காரரைப் பிள்ளைகள் சாய்ஸில் விட்டுவிடுவார்கள். "பாவம்மா அவரு" என்பார் அக்கா, பக்கத்து வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோல. அந்தப் பாவத்தில் ஆரம்பித்ததுதான். தரங்கம்பாடிப் பக்கத்து உறவுக்காரர் வீட்டுப் பரணில் ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் கிடைத்து, அதைப் படித்து, பிறகு எங்கெங்கோ தேடிப் படித்து, அந்த மனுஷர் எங்கள் ரயில் பெட்டியில் நிரந்தரமாக இடம் பிடித்துக்கொண்டார்.

அவர் ஒரு சின்ன ஊரில் ஜட்ஜாக இருந்தாராம். அதைக் கேட்டதும்தான் நான் காது கொடுத்தேன். ஜட்ஜுகளைப் பற்றி எனக்குத் தெரியாததா? ஒரு வருஷம் விளைச்சல் பொய்த்துப்போய் ஊரே பட்டினி. இவர் தீர்ப்பு எழுதுவதை நிறுத்திவிட்டு, ஊர்க்காரர்களைச் சேர்த்து, ஒரு மாவு மில்லையும் ரொட்டி சுடும் இடத்தையும் வாடகைக்கு எடுத்து, ரொட்டி சுட்டு ஜனங்களுக்குக் கொடுத்தார். "விலைக்கு வாங்கலை, வாடகைக்கு எடுத்தாரு" என்று அக்கா ஒவ்வொரு தடவையும் விரலை ஆட்டிச் சொல்வார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று.

பிறகு ஊர்க்காரர்கள் அவரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் பெயரில் இன்னும் பல பேர். நம் ஊரில் முருகேசன் மாதிரி அங்கே அது சாதாரணப் பெயராம். எந்த முருகேசன் என்று குழம்பக்கூடாது என்று தன் பெயரோடு தன் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். இதைச் சொல்லும்போது அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பாக இருக்கும். "நம்ம பக்கத்து ஆளுங்க மாதிரியே இல்ல?" என்று கேட்பார். எங்கள் எதிரில் உட்காரும் நெல் கொள்முதல் நிலைய கிளார்க், "அப்போ அவரு நம்ம ஜட்ஜய்யாதான்" என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் கிளார்க் ஒரு வாயாடி. காலையில் ஏறியதும் பையை மேலே வைப்பதற்குள், "இன்னைக்கு ஜட்ஜய்யா என்ன பண்ணாரு டீச்சர்?" என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்த நாட்டு ராஜா சட்டசபையைக் கலைக்கப் பார்த்தபோது, வரி கட்டாதீர்கள் என்று சொன்னவர்களில் ஜட்ஜய்யாவும் ஒருவர். கேஸ் போட்டார்கள். கேஸ் நிற்கவில்லை, விடுதலை ஆகிவிட்டார். ஆனால் மேலே இருப்பவர்கள் சும்மா விடுவார்களா? எல்லையில், வேறு பாஷை பேசுகிற ஓர் ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போனார். அங்கிருந்து ஊருக்குப் போய்வர லீவு கேட்டார். எங்கே வேண்டுமானாலும் போ, உன் ஊருக்கு மட்டும் போகாதே என்றார்கள். அவர் ஊருக்குத்தான் போனார். சம்பளத்தைப் பிடித்தார்கள். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டார்.

அக்கா இந்த இடத்தில் எப்போதும் நிறுத்திவிடுவார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பாதி நாள் கண் கலங்கியிருக்கும். எங்கள் கோர்ட்டுக்கு வந்து போன ஜட்ஜுகள் எல்லாம் மாறுதல் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனவர்கள்தான். ஊர் என்று ஒன்றுக்காக இப்படிச் செய்வார்களா, இது என்ன கிறுக்கு என்று எனக்கு முதலில் தோன்றியது. பிறகு அந்த இடம் வந்தால் நானும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தேன். தொற்றுவியாதிதான்.

புயல் வந்த வருஷத்தைச் சொல்ல வேண்டும். தென்னை மரமெல்லாம் சாய்ந்து, கரண்டு போய், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் ஓடாமல் தெருவில் ஒரு வீட்டிலும் தண்ணீர் இல்லை. வசதி உள்ளவர்கள் ஆளுக்கொரு ஜெனரேட்டர் வாங்கக் கிளம்பினார்கள். அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் தெருவுக்கும் வந்தார். ஒரே ஒரு ஜெனரேட்டரை எல்லோரும் சேர்ந்து வாடகைக்கு எடுப்போம், வண்டியில் வைத்து வீடு வீடாகத் தள்ளிக்கொண்டு போய் தொட்டியை நிரப்புவோம் என்றார். என் மாமியார் எங்கள் வீட்டில்தான் முதலில் ஓட்ட வேண்டும் என்று குதித்தார், மாடு இருக்கிறதே என்று. அக்கா அசரவில்லை. தூரத்துத் தெருவில் ஆரம்பித்து, வரிசையாக வந்து, தன் வீட்டைக் கடைசியில் வைத்துக்கொண்டார். அவர் வீட்டு முறை வருவதற்குள் ஜெனரேட்டர்காரர் வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டார். அக்கா குடத்தை எடுத்துக்கொண்டு அடிபம்புக்கு நடந்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லோருக்கும் முறை உண்டு என்கிற அந்த வாடகைச் சமாசாரம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

அவர் வீட்டு நடுக்கூடத்தில் ஜட்ஜய்யாவின் படம் ஒன்று மாட்டியிருந்தது. தாடி வைத்து, கறுப்புக் கோட்டு போட்ட வெள்ளைக்காரர். அக்கா எங்கிருந்தோ பிரதி எடுத்துப் பெரிதாக்கியது. லுத்தரன் சபை வீட்டில், இயேசு படத்துக்குப் பக்கத்தில், தாடி வைத்த ஜெர்மன்காரர் படம் இருந்தால் என்ன நினைப்பார்கள்? பழைய மிஷனரி ஐயர் என்றுதான் நினைப்பார்கள். அக்காவின் அம்மாவும் அப்படித்தான் நினைத்தார். ஜெபக்கூட்டத்துக்கு வரும் பெண்கள், கடல் தாண்டி வந்து சுவிசேஷம் சொன்ன இந்த ஐயருக்காக ஸ்தோத்திரம் என்று ஜெபித்துவிட்டுப் போவார்கள். ஒரு மிஷன் ஞாயிற்றுக்கிழமை போதகரே வந்து படத்தைப் பார்த்து, எந்த வருஷம் வந்தவர் என்று விசாரித்தார். அக்கா, "இவரு ஜெர்மனிப் பக்கமே அதிகம் நின்னவரு ஐயா" என்று சமாளித்தார். நான் வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றதற்கு, "அம்மா தினமும் அவருக்காகவும் சேர்த்து ஜெபம் பண்றாங்க. வேற யாரு பண்ணப்போறா?" என்றார்.

அந்த ஜெர்மன் ஊரில் ஜட்ஜய்யாவின் நினைவாக ஒரு வீட்டை வைத்துப் பராமரிக்கிறார்களாம். அக்கா அவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் பதில் எழுதி, நீடாமங்கலம் என்கிற பெயர் அங்கே சிலருக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒரு வருஷம் அவர்கள் ஏதோ கூட்டம் நடத்துவதாகவும், டிக்கெட் அனுப்புவதாகவும், வந்து பேச வேண்டும் என்றும் அழைத்தார்கள். அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், அத்தனை ராத்திரி வெளியில் படுக்க வேண்டுமே என்கிற பயம் ஒரு பக்கம். போன அன்றைக்கே திரும்ப முடியாதா என்று என்னிடம் கேட்டார். ஜெர்மனி என்ன மன்னார்குடியா என்றேன். ஆனாலும் ஆசை ஜெயித்தது. ஸ்வெட்டர்கூட வாங்கிவிட்டார்.

அரசாங்க வேலையில் இருப்பவர் வெளிநாடு போக மேலிடத்து அனுமதி வேண்டும். அக்கா எழுதிக் கொடுத்தார். எங்கள் ரயில் பெட்டியே அந்த அனுமதிக்காகக் காத்திருந்தது. கடைசியில் தேர்வு நேரம், விட முடியாது என்று வந்துவிட்டது. அன்று சாயங்கால வண்டியில் அக்கா அதைச் சொன்னார். கிளார்க்தான் பொறுக்க மாட்டாமல், ராஜினாமாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போங்கள், ஜட்ஜய்யா அதைத்தானே செய்தார் என்றார். தினமும் எங்களோடு வரும் நர்ஸ் அம்மா ஒருவரும் தலையை ஆட்டினார். ஏன், நானும் மனசுக்குள் அதைத்தான் எதிர்பார்த்தேன். எத்தனை வருஷமாகக் கண் கலங்கிக் கதை சொல்லியிருக்கிறார்!

அக்கா எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"அவரு வெளியூர் போறதுக்கு வேலையை விடலைங்க. சொந்த ஊருக்கு வர்றதுக்கு விட்டாரு. நான் ஊர்லதானே இருக்கேன்?"

எங்களுக்கு அசடு வழிந்தது. இத்தனை நாள் கதை கேட்டு நாங்கள் புரிந்துகொண்ட லட்சணம் அது. ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போது அக்கா அழுதார். "அந்தத் தெருவை மட்டும் ஒரு தடவை பாத்துட்டு வந்திருக்கலாம்மா" என்றார். நான் அவர் பையை வாங்கிக்கொண்டு வீடுவரை கூடவே போனேன்.

அதற்கு அடுத்த வருஷம் இடி இறங்கியது. அவர் துறையில் பிள்ளைகள் சேர்வது குறைந்துபோய், ஆசிரியர் அதிகம் என்று கணக்குப் பார்த்து, அக்காவை மேற்கே மலைமேல் இருக்கும் ஒரு கல்லூரிக்கு மாற்றிவிட்டார்கள். எவ்வளவோ எழுதிப் பார்த்தார். நடக்கவில்லை. அம்மா, இந்த வயதில் குளிரில் போய் நான் சாக மாட்டேன், சாவதென்றால் இங்கேயே என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்குத் துணையாக ஒரு பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டு அக்கா தனியாகப் போனார். பஸ் ஏற்றிவிடப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போகும் பிள்ளைக்கு இருப்பதுபோல முகம் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை, பஸ் கிளம்புவதற்குள் திரும்பி வந்துவிட்டேன்.

அங்கே ரயில் கிடையாது. மலைச்சரிவு, தேயிலை, எந்நேரமும் தூறல். தினமும் சாயங்காலம் எங்கள் வண்டி கிளம்பும் நேரத்துக்கு அக்காவிடமிருந்து போன் வரும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் கேட்க மாட்டார். குளிக்கரை தாண்டியாச்சா என்பார். கொரடாச்சேரியில் யார் ஏறினார்கள் என்பார். ரெண்டு பக்கமும் என்ன நடக்கிறது என்பார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாற்று பறித்துக் கட்டு கட்டாகப் போட்டிருக்கிறார்கள். நட்டு முடித்துத் தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். களை எடுக்கிறார்கள். பயிர் பொதி பிடித்து, கதிர் வெளியே வரப் பார்க்கிறது. கதிர் சாய்ந்துவிட்டது. நான் விவசாயி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், பிறந்ததும் வயலில்தான். ஆனால் அந்த ஒரு வருஷம் பார்த்தமாதிரி வயலை நான் எந்த வருஷமும் பார்த்ததில்லை. சிக்னல் போய்ப் போன் அறுந்தால் எனக்கு ஆத்திரம் வரும். அக்கா இல்லாத அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் அதற்கும் ஆத்திரம் வரும்.

தை பிறந்து சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் சபையில் அறுப்பின் பண்டிகை என்று ஒன்று உண்டு. விளைந்ததில் முதலில் எடுத்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். பரங்கிக்காய், வாழைத்தார், சேவல், முட்டை, கேக் என்று எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவார்கள். அக்கா வீட்டுக்கு நிலம் இல்லை. அதனால் எங்கள் வயலின் புது நெல்லை வருஷாவருஷம் ஒரு மரக்கால் கொடுப்பேன், அக்காதான் தலையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார். எங்கள் வீட்டு நெல்லை உங்கள் சாமி வாங்கிக்கொள்வாரா என்று நான் கேட்பதும், இதுவரை திருப்பி அனுப்பவில்லையே என்று அவர் சொல்வதும் வழக்கம்.

அந்தப் பண்டிகைக்கு வருவதற்கு அக்கா லீவு எழுதிக் கொடுத்தார். தேர்வு வேலை இருக்கிறது, பண்டிகைக்கெல்லாம் விட முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துப் பாருங்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். நல்லா இருக்கிற அம்மாவை ஏன் படுக்க வைக்கிறாய் என்று கோபித்துக்கொண்டார். சனிக்கிழமை சாயங்காலம் வழக்கமான போன் வரவில்லை. நான் கூப்பிட்டேன், அணைத்து வைத்திருந்தார். ராத்திரி படுக்கும்வரை திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நெல்லை எடுத்துக்கொண்டு நானே அவர்கள் கோயிலுக்குப் போனேன், அக்காவின் அம்மா கையில் கொடுத்துவிடலாம் என்று. வாசலில் ஸ்வெட்டரோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நீடாமங்கலத்தில், அந்த வெயிலில் ஸ்வெட்டர்! கண் சிவந்து, தலை கலைந்து, காலில் மலைச்சேறு.

"லீவு குடுத்துட்டாங்களாக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

"வந்துட்டேன்."

மரக்காலை என் கையிலிருந்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்று அழுதேன். செருப்பு விட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் என்னைப் பார்த்துவிட்டு, யாருக்கோ சாவு என்று நினைத்து நகர்ந்து வழிவிட்டார்கள்.

திங்கட்கிழமை அவர் திரும்பிப் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. விளக்கம் கேட்டு மெமோ வந்தது, சம்பளம் நின்றது. ஜட்ஜய்யா தைரியசாலி, தாடி வைத்தவர், அவருக்குப் பின்னால் ஒரு ஊரே நின்றது. அக்காவுக்குப் பின்னால் வயதான அம்மாவும் நானும்தான் நின்றோம். "பயமா இருக்கும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். அம்மாவின் மருந்துக்கு என்ன செய்வது, கூரையில் ஓடு மாற்ற வேண்டுமே என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். பிறகு ஒருநாள் காலையில் வந்து, ராஜினாமாக் கடிதம் அடித்துக் கொடு என்றார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ தீர்ப்பு அடித்த கை இது, ஒருநாளும் தயங்கியதில்லை. அன்று பிரிண்டரில் மை இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "பரவாயில்ல, கையில எழுதிக்கிறேன்" என்றார். பிறகு நானே அடித்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை வண்டியில் அக்கா ஏறினார். திருவாரூரில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா போய்விட்டு வருகிறேன் என்றார். கிளார்க் எழுந்து நின்று ஜன்னல் சீட்டைக் கொடுத்தார். அக்கா வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அறுத்த வயலில் உளுந்து முளைத்திருந்தது.

அதற்குப் பிறகு வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கஷ்டம் இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஓடு மாற்ற முடியாமல் மழைக்குப் பாத்திரம் வைத்தார்கள். ஆனால் அந்தச் சில வருஷங்களில் இருந்ததுபோல அக்காவை நான் பார்த்ததில்லை. முகமே மாறியிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டால் போதும், பாடிக்கொண்டே வந்து கதவைத் திறப்பார்.

அம்மா போனார். சொன்னபடி அங்கேயேதான் போனார். அடுத்த மழைக்காலத்தில் அக்கா கொல்லைப்பக்கம் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நான் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்றேன். என் மாமியாரேகூட வரச்சொன்னார், அதுவே பெரிய விஷயம். தம்பி கனடாவிலிருந்து வந்தார். ஆறு மாசம் அங்கே இருந்து நன்றாக நடக்கப் பழகிவிட்டுத் திரும்பி வரட்டும் என்றார். அவர் மேலும் தப்புச் சொல்ல முடியாது, கூடப்பிறந்தவர் வேறு என்ன செய்வார்? ஆறு மாசம்தானே என்று அக்காவும் சரி என்றார். சாவியை என்னிடம் கொடுத்தார். சக்கர நாற்காலியில் காருக்குப் போகும்வரை ஆறு மாசம், ஆறு மாசம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

அங்கே போய் நடக்கவே இல்லை. ஒன்று மாற்றி ஒன்று வந்தது. நம் சாயங்கால வண்டி கிளம்பும்போது அங்கே விடிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்துக்குக் கூப்பிடுவார், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை ஆயிற்று, பிறகு தம்பி மனைவி போனைப் பிடித்துக்கொள்ள ஒன்றிரண்டு வார்த்தை. ஒரு மார்கழியில் தம்பி வாட்ஸ்அப்பில் செய்தி போட்டார். பனியில் தோண்டி அங்கேயே அடக்கம் செய்த படமும் வந்தது. நான் அதைத் திறந்து பார்த்து உடனே மூடிவிட்டேன். வீட்டுச் சாவி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போய்ப் பெருக்கிவிட்டு வருவேன். எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும்போல் இருக்கும். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

கடைசியாக நன்றாகப் பேசியது அந்தச் செய்தி வருவதற்குச் சில வாரம் முன்னால். நான் சாயங்கால வண்டியில் இருந்தேன். குரல் தெளிவாக இருந்தது. ஜட்ஜய்யாவைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன் என்றார்.

"அவரு கடைசிவரைக்கும் அந்த ஊர்ல இல்லம்மா. வந்து கொஞ்ச வருஷம் இருந்தாரு. அப்புறம் பார்லிமெண்ட் வேலைன்னு தலைநகரத்துப் பக்கமா குடிபோயிட்டாரு. செத்தது அங்கதான். அடக்கம் பண்ணதும் அங்கதான்."

எனக்குச் சுருக்கென்றது. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதலிலிருந்தே தெரியுமாம். அந்தப் பழைய புத்தகத்திலேயே இருந்ததாம். இத்தனை வருஷம் எங்கள் எல்லோருக்கும் கதை சொல்லிவிட்டு அதை மட்டும் ஏன் மறைத்தீர்கள் என்று சண்டை பிடித்தேன். சண்டை பிடிக்கிற நேரமா அது? ஆனால் எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும்.

"அதையும் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தா, அன்னைக்கு மலையில இருந்து இறங்கி வர்றதுக்கு எனக்குத் தைரியம் வந்திருக்காது."

பிறகு மெதுவாக, பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்.

"நான் வந்தேன் இல்ல? வந்து இருந்தேன் இல்ல?"

"இருந்தீங்கக்கா. எங்க கூடத்தான் இருந்தீங்க" என்றேன்.